கங்கு வாங்கப் போன அரியநாச்சி

தலகாணியை என் பக்கமா இழுத்துக்கோ. காலை நீட்டு. ஃபேன் போதுமா? சரி, கதை சொல்றேன். ஆனா நீ "ம்" கொட்டணும். நீ "ம்" கொட்டலைன்னா கதை நடுவழியில நின்னுக்கும், அப்புறம் தள்ளிவிட ஆள் கிடைக்காது. சரியா?

"ம்."

ஆங். ஒரு ஊர்ல ஒரு அடுப்பு இருந்துச்சாம்.

"ராஜா இல்லையா?"

ராஜாவும் இல்ல, ராணியும் இல்ல. அடுப்புதான். ராஜாவுக்கும் சோறு அதுலதான வேகணும்? அடுப்புன்னா எரியணுமில்ல? இது எரியாத அடுப்பு. புதுசா மண்ணு குழைச்சுப் போட்டு, சாணி மெழுகி, சுத்தி கோலம் போட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி உட்கார்ந்திருக்கும். உள்ள ஒரு பொட்டுச் சாம்பல் கிடையாது. ஒரு கோழி அதுக்குள்ள போய் முட்டை போட்டுட்டு வந்துச்சுன்னா பார்த்துக்கோ!

அந்த அடுப்புக்குச் சொந்தக்காரி பேரு அரியநாச்சி. அவ புருஷன் கொம்பையா. அவங்களுக்கு ஒரு மக, குருவம்மான்னு பேரு. உன்னை மாதிரியே கீச்சுகீச்சுன்னு பேசிக்கிட்டே இருப்பா. அதனால ஊரே அவளைக் குருவின்னுதான் கூப்பிடும். கரிசக்காட்டு ஊரு அது. ஒரு பக்கம் பருத்திக்காடு, இன்னொரு பக்கம் பெரிய கம்மா, ஏரி மாதிரி.

அந்தக் காலத்துல தீப்பெட்டி கிடையாது. அப்போ அடுப்பை எப்படிப் பத்த வைப்பாங்க? சமையல் முடிஞ்சதும் ஒரு கங்கை, அதாவது செக்கச்செவேல்னு கனிஞ்ச கரித்துண்டை, சாம்பலுக்குள்ள பொதைச்சு வச்சிருவாங்க. அது உள்ளேயே தூங்கும். விடிஞ்சதும் சாம்பலை விலக்கி ஃபூ ஃபூன்னு ஊதினா முழிச்சுக்கும். சில நாள் முழிக்காது, அணைஞ்சு போயிருக்கும். அப்போ ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய், "மதினி, ஒரு கங்கு குடுங்க"ன்னு கேட்கணும். அவ்வளவுதான். கங்கு கேட்டு வந்தவளை அந்த ஊர்ல யாரும் வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க. சண்டைக்காரியா இருந்தாலும் கங்கு உண்டு. மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுக் குடுப்பாங்க, ஆனா குடுப்பாங்க.

"அப்போ அரியநாச்சியும் கேட்கலாமுல்ல?"

அங்கதான இருக்கு கதையே! கேளு.

ஒரு சித்திரை மாசம், நல்ல மத்தியானம். காத்து உய்ங் உய்ங்னு அடிக்குது. வீட்டுக்குள்ள குருவி தூங்குறா. அடுப்புல கஞ்சி கொதிக்குது. அரியநாச்சி வெளிய உட்கார்ந்து டங்கு டங்குன்னு கம்பு இடிச்சுக்கிட்டு இருக்கா. அப்போ அடுப்புல இருந்து ஒரு பொறி கிளம்புச்சு. எள்ளளவுதான் இருக்கும் அது. காத்து அதைத் தூக்கிக்கிட்டுப் போய் ஓலைக்கூரையில வச்சிருச்சு. சட... சடசட... சடசடசடன்னு கூரை பூரா பிடிச்சுக்கிச்சு! அரியநாச்சி உலக்கையைப் போட்டுட்டு உள்ள பாஞ்சா. குருவியை அள்ளிக்கிட்டு வெளிய பாஞ்சா. பின்னாடியே கூரை தொபீர்!

"குருவிக்கு என்ன ஆச்சு?"

ஒண்ணும் ஆகல. பாவாடை ஓரம் மட்டும் பொசுங்குச்சு. எதுக்கு இப்படிக் கையைப் பிடிச்சு நசுக்குற? ஒண்ணும் ஆகலைன்னுதான சொல்றேன். ஊரே ஓடி வந்து தண்ணி ஊத்துச்சு. அப்புறம் ஊரே சேர்ந்து புது ஓலை முடைஞ்சு, புதுச்சுவர் வச்சு, வீட்டை நிமித்திக் குடுத்துட்டாங்க.

"பார்க்க வீடு முன்னைவிட நல்லா இருக்கே, இனி என்ன குறை?"ன்னு எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

ஆனா அரியநாச்சிக்குள்ள அந்தச் சடசட சத்தம் மட்டும் அணையல. அடுப்புல தீயைப் பார்த்தா நெஞ்சு படக்கு படக்குன்னு அடிச்சுக்கும். புகை வாசம் வந்தா மூச்சு முட்டும். காலு ரெண்டும் அவ பேச்சைக் கேட்காம கம்மாக்கரைக்கு ஓடிரும். தண்ணியைப் பார்த்தாதான் நிக்கும்.

"அவ பைத்தியமா?"

சீச்சீ. அப்படிச் சொல்லக் கூடாது. உன்னை அந்தச் செவலை நாய் துரத்துச்சே, ஞாபகம் இருக்கா? இப்பவும் அந்தத் தெருவுல போறப்போ உன் காலு தானா வேகமா நடக்குதா இல்லையா? நாய் அங்க இருக்கா? இல்ல. ஆனா காலுக்கு அது தெரியல. அதே மாதிரிதான் இதுவும். கொஞ்சம் பெரிய நாய், அவ்வளவுதான்.

"ம்."

அப்போ வீட்டுல அடுப்பு எரியலையா, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுறது? ஊறவச்ச பயறு. ஊறவச்ச அவல். வெள்ளரிக்காய். மறுநாள் வெள்ளரிக்காய், அவல், பயறு. கொம்பையா ஒருநாள் திரும்பி நின்னுக்கிட்டுக் கேட்டான்:

"ஏ புள்ள, எனக்குப் பின்னாடி வாலு முளைச்சிருக்கான்னு பாரு. மாடு கூட என்னைப் பார்த்து 'வா பங்காளி'ங்குது."

அரியநாச்சி சிரிச்சா. சிரிச்சிட்டு அழுதுட்டா. அவன் பதறிப் போய், "எனக்குப் பயறுன்னா உசுரு புள்ள, சும்மா சொன்னேன்"னு இன்னும் ரெண்டு பிடி அள்ளி வாயில போட்டுக்கிட்டான்.

இப்போ ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டாங்க. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா எல்லாரும் ஒரே நாள்ல பயத்தை விரட்டணும்னு நினைச்சாங்க. அதுதான் தப்பாப் போச்சு.

முதல்ல பேய் ஓட்டுற கோடாங்கி வந்தாரு. உடுக்கையை எடுத்து டுண் டுண் டுண்ணு அடிச்சாரு. வேப்பங்குழையை எடுத்து அவ தலையில சடார் சடார்னு அடிச்சாரு. "போறியா? போறியா?"

"எங்க போகச் சொல்றீங்க? இது என் வீடுதான?"ன்னா அரியநாச்சி.

"ஏ, நான் உன்னைச் சொல்லல, பயத்தைச் சொன்னேன்!"

அடிச்சு அடிச்சு வேப்பமரம்தான் மொட்டையாச்சு. பயம் போகல.

அப்புறம் கொம்பையா ஒரு யோசனை பண்ணினான். "நான் மூட்டுறேன் புள்ள. நீ தூரமா நின்னு பாரு. சின்னதா, குழந்தைத் தீயா மூட்டுறேன்"னு பருத்திமாரை, அதான் காய்ஞ்ச பருத்திக்குச்சியை, ஒடிச்சு அடுப்புல வச்சு, பக்கத்து வீட்டுக் கங்கைப் போட்டு ஊதினான். ஃபூ... ஃபூ... குப்! நிமிர்ந்து "பார்த்தியா?"ன்னு கேட்டா, வாசல்ல யாரு இருக்கா? ஒரு கோழி இருக்கு. அரியநாச்சி கம்மாக்கரையில இருக்கா.

மூணாவதா வந்துச்சு மாரியம்மன் கொடை, அதான் கோயில் திருவிழா. பூக்குழி மிதிக்கிற நாள். பூக்குழின்னா தெரியுமா? கோயில் முன்னாடி நீளமாக் குழி வெட்டி, கட்டை கட்டையா எரிச்சு, கங்கைப் பரப்பி வச்சிருப்பாங்க. விரதம் இருந்தவங்க அதுல இறங்கி நடப்பாங்க. பொம்பளைங்கல்லாம் சேர்ந்து, "ஆத்தா முன்னாடி ஒரு தடவை இவளை நிறுத்திட்டா போதும், மொத்தப் பயத்தையும் அவளே வாங்கிக்குவா"ன்னு சொல்லி, மஞ்சத்தண்ணியை ஊத்தி, கையைப் பிடிச்சுத் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போய்க் குழியோரத்துல நிறுத்திட்டாங்க. கண்ணு முன்னாடி அம்புட்டு நெருப்பு. அனல் முகத்துல அடிக்குது. மேளம் காதைப் பொளக்குது. அரியநாச்சி தொப்புன்னு விழுந்தவதான், வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துதான் தண்ணி தெளிச்சாங்க.

அதுக்கப்புறம் இன்னும் மோசம். முன்னாடி அடுப்புத் தீக்கு மட்டும்தான் பயந்தா. இப்போ அகல் விளக்கைப் பார்த்தாலும் பயம். வாசலைத் தாண்டவே பயம்.

அப்போதான் சீனியம்மா வந்தா. சீனியம்மா யாரு? கொம்பையாவோட அக்கா. கம்மாவுக்கு அந்தப் பக்கம் வீடு. வாய் பெருசு, மனசும் பெருசு. வந்தவ குருவியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டா.

"அரியநாச்சி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காத. அடுப்பு எரியாட்டி புள்ளைக்குச் சூடா ஒரு வாய் கஞ்சி கிடையாது. எரிஞ்சா நீ புள்ளையை விட்டுட்டுக் கம்மாக்கரைக்கு ஓடிருவ. நெருப்பு உள்ள, புள்ள உள்ள, தாய் வெளிய. இது சரிவருமா, நீயே சொல்லு."

சரிவராதுன்னு அரியநாச்சிக்கே தெரியுமே.

"இவ என்கிட்ட இருக்கட்டும். பொங்கல் முடிஞ்சதும் நாங்க வண்டி கட்டிக்கிட்டு உப்பளத்து வேலைக்குப் போறோம். அதுக்குள்ள நீ உன் அடுப்பு முன்னாடி உட்கார்ந்து ஒரு கலயம் கஞ்சி காய்ச்சிட்டா, புள்ளையை நானே கொண்டாந்து விடுறேன். இல்லைன்னா இவளும் எங்ககூட வரட்டும். அங்க கடல் இருக்கு, சந்தோசமா விளையாடுவா."

"அம்மா கூட இல்லாம கடலு எதுக்கு?"

பார்த்தியா, உனக்கே தெரியுது. குருவியும் அதையேதான் கேட்டா. கேட்டுக்கிட்டே போனா. அவ போனப்புறம் வீடு எப்படி இருந்துச்சுங்குற? ஒரு கீச்சும் இல்ல. அரியநாச்சி குருவியோட பொசுங்குன பாவாடையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"ம்..."

மறுநாள் விடிஞ்சுச்சு. தெருவுல பொம்பளைங்கல்லாம் சிரட்டையோட கங்கு வாங்கப் போறாங்க, சர் சர்னு நடக்குற சத்தம் கேட்குது. அரியநாச்சி பழைய பழக்கத்துல எழுந்திரிச்சுச் சிரட்டையைக் கையில எடுத்தா. வாசலைத் தாண்டினா. அடுத்த வீடு பிச்சம்மா வீடு. வேலி வரைக்கும் போனா. அங்க புகை வாசம் வந்துச்சு. காலு நின்னுருச்சு. நெஞ்சு படக்கு படக்கு. அவ்வளவுதான், திரும்பிட்டா.

வீட்டுக்கு வந்து வெறுஞ்சிரட்டையைப் பார்த்தா. அழுகை வரல, யோசனை வந்துச்சு. "நேத்து வாசலையே தாண்டல. இன்னைக்கு வேலி வரைக்கும் போயிட்டேன். கம்மாக்கரைக்கும் ஓடல, வீட்டுக்குத்தான் வந்திருக்கேன். சரி. நாளைக்கும் வேலி வரைக்கும் போவோம். அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

மறுநாளும் போனா. வேலியைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. வந்துட்டா. அதுக்கு மறுநாளும் போனா, நின்னா, வந்தா. வெறுஞ்சிரட்டை போகும், வெறுஞ்சிரட்டை வரும். தெருவுல ராக்காயின்னு ஒருத்தி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா.

"என்ன அரியநாச்சி, சிரட்டைக்கு ஊரைச் சுத்திக் காட்டுறியா?"

"ஆமா மதினி. பாவம், அதுக்குக் கால் இல்லைல்ல? அதான் நான் தூக்கிட்டுப் போறேன்."

மறுநாள்ல இருந்து ராக்காயே, "சிரட்டை எப்படி இருக்கு, நல்லா இருக்கா?"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டா.

சாயங்காலமானா அரியநாச்சி கம்மாக்கரை வழியா சீனியம்மா வீட்டுத் திண்ணைக்குப் போய்க் குருவிக்குத் தலை சீவிவிடுவா. குருவி கேட்பா:

"அம்மா, இன்னைக்கு எது வரைக்கும் போன?"

"வேலி வரைக்கும்."

"நேத்தும் வேலிதான?"

"நேத்து வேலியில நின்னு எச்சி முழுங்கினேன். இன்னைக்கு வேலியில நின்னு பிச்சம்மாகிட்ட நாலு வார்த்தை பேசினேன்."

"நான் எப்ப வீட்டுக்கு வருவேன்?"

அரியநாச்சி பொய் சொல்லல. "தெரியலடி தங்கம். ஆனா நாளைக்கும் போவேன்."

"ம்."

தூங்கிட்டியோன்னு பார்த்தேன். சரி, கேளு. அந்தப் பிச்சம்மா இருக்காளே, அவளுக்கு உதவணும்னு ஆசை. ஆனா அவசரக்காரி. ஒருநாள் அரியநாச்சி வேலியைத் தாண்டி முற்றத்துல கால் வச்சதைப் பார்த்துட்டு, "அடி என் தங்கமே!"ன்னு அடுப்புல கிடந்த கொள்ளிக்கட்டையை அப்படியே எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டா! அரியநாச்சி "ஆத்தாடி!"ன்னு ஒரே ஓட்டம். ஓடின வேகத்துல ரெண்டு கோழி பயந்து கூரை மேல ஏறிருச்சு.

மறுநாள் காலையில வேலிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே சொன்னா: "பிச்சம்மா, நெருப்பு என்னைத் தேடி வரக் கூடாது. நான்தான் அதைத் தேடி வருவேன். நான் நில்லுன்னா நில்லு. காட்டுன்னா காட்டு. மூடுன்னா மூடு."

"உத்தரவு மகாராணி"ன்னு பிச்சம்மா வாயைப் பொத்திக்கிட்டா.

அப்புறம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சம். ஒருநாள் முற்றத்துல. ஒருநாள் நிலைப்படியில. ஒருநாள் உள்ள போய்ச் சுவரோட ஒட்டி உட்கார்ந்துட்டா. எரியுற அடுப்பைப் பார்க்கல, அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்தா. அதுவும் கணக்குதான்.

அப்போ ஒரு காலையில பிச்சம்மா வீட்டு அடுப்பு அணைஞ்சு, சாம்பல் மட்டும் கிடந்துச்சு. அரியநாச்சி மெதுவா ஒரு விரலை விட்டுப் பார்த்தா. வெதுவெதுன்னு, பூனைக்குட்டி வயிறு மாதிரி இருந்துச்சு. "பிச்சம்மா, எனக்கு இதுல கொஞ்சம் குடு."

"சாம்பலையா? பாத்திரம் தேய்க்கவா?"

"இல்லடி. அடுப்புக்கு."

அன்னைக்குச் சிரட்டை முதல் தடவையா வெறுமனே வரல. வெதுவெதுப்பான சாம்பலோட வந்துச்சு. அதை அந்தக் கல்யாணப் பொண்ணு அடுப்புல கொட்டினா. காட்டுல இருந்து வந்த கொம்பையா தற்செயலா அடுப்புல கையை வச்சவன், "ஏ புள்ள! அடுப்பு கதகதன்னு இருக்கு!"ன்னு ஒரு ஆட்டம் ஆடினான் பாரு, தலப்பா அவுந்து விழுந்துருச்சு. அன்னைக்கும் பயறுதான் சாப்பிட்டாங்க. ஆனா அடுப்புக்குப் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டாங்க.

அடுத்தது கங்கு. சிரட்டையில அடியில சாம்பல், நடுவுல ஒரு சின்னக் கங்கு, அதுக்கு மேலயும் சாம்பல். மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அரியநாச்சி கையை முன்னாடி நீட்டிக்கிட்டு, பாம்பைப் பிடிச்சிருக்கிற மாதிரி நடந்தா. பாதி வழியில முடியல. சிரட்டையைத் தரையில வச்சிட்டுத் தள்ளிப் போய் நின்னா. மூச்சு வாங்கினா. திரும்பி வந்து எடுத்தா. நடந்தா. வீட்டு அடுப்புல வச்சா. அது அப்படியே கொஞ்ச நேரம் உள்ள தூங்கிட்டு, தானா அணைஞ்சு போச்சு. அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. கொஞ்ச நாள்ல சாம்பலை விலக்கி அந்தச் செவப்பை ஒரு கண்ணால பார்க்கிற அளவுக்கு வந்துட்டா.

"ரெண்டு கண்ணால?"

அதுவும் வரும், இரு.

ஒருநாள் கங்கைத் தூக்கிட்டு வந்துக்கிட்டு இருக்கா. திடீர்னு ஒரு காத்து. உய்ய்ய்ங்! பக்கத்துக் கூரையில காய்ஞ்ச ஓலையெல்லாம் சடசடசடன்னு அடிச்சுக்குச்சு. சிரட்டை டொப்புன்னு கீழ விழுந்து சில்லு சில்லாப் போச்சு. அரியநாச்சி எங்க?

"கம்மாக்கரை."

கம்மாக்கரையேதான். அன்னைக்கு சாயங்காலம் குருவிக்குத் தலை சீவக்கூடப் போகல. மறுநாள் எழுந்திரிக்கல. அதுக்கு மறுநாளும் எழுந்திரிக்கல. "எல்லாம் போச்சு. அம்புட்டும் போச்சு. பழையபடி ஆயிட்டேன்"னு சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டா. மார்கழி வேற பொறந்துருச்சு. சீனியம்மா வீட்டுல வண்டிச் சக்கரத்துக்கு மை போட ஆரம்பிச்சுட்டாங்க.

கொம்பையா பக்கத்துல வந்து உட்கார்ந்தான். அப்புறம் கேட்டான்:

"நான் என்ன செய்யட்டும் புள்ள? நான் போய்க் கங்கு வாங்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்."

"கோடாங்கியைக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ, வேப்பமரம் இப்பதான் துளிர் விடுது."

அவனுக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவளுக்கும் வந்துருச்சு. சிரிச்சு முடிச்சிட்டு அவ சொன்னா: "ஒரு சிரட்டை மட்டும் தேய்ச்சு வாசப்படியில வச்சிரு. போதும்."

அவன் ஒரு புதுச்சிரட்டையை நார் போகச் சுரண்டி, வழவழன்னு தேய்ச்சு வாசப்படியில வச்சான்.

விடிஞ்சதும் அரியநாச்சி அதை எடுத்துக்கிட்டு வேலி வரைக்கும் போனா. பிச்சம்மா எட்டிப் பார்த்தா.

"மறுபடியும் வெறுஞ்சிரட்டையா அரியநாச்சி?"

"ஆமா பிச்சம்மா. இன்னைக்கு வெறுஞ்சிரட்டைதான்."

ஆனா ஒண்ணு தெரியுமா? முன்னாடி வேலியில இருந்து முற்றத்துக்கு வர்றதுக்கு அவளுக்கு ரொம்ப நாள் ஆச்சு. இந்தத் தடவை சட்டுனு வந்துட்டா. சாம்பலுக்கும் சட்டுனு வந்துட்டா. போன தடவை தெரியாத வழியில போனா, இந்தத் தடவை அவளுக்குத் தெரிஞ்ச வழி. எங்க பள்ளம், எங்க முள்ளு, எல்லாம் தெரியும். கங்கும் வந்துருச்சு. ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டா, உனக்காக.

"ம்." (கண்ணு சொருகுதே! இன்னும் கொஞ்சம்தான்.)

அப்புறம் பொங்கல் வந்துச்சு. ஊரெல்லாம் பானை பொங்குச்சு. அரியநாச்சி வீட்டுல பொங்கல் இல்ல. "என்ன புள்ள, இன்னைக்கு மூட்டிப் பார்ப்பமா?"ன்னு கொம்பையா கேட்டான். அவ தன் நெஞ்சுல கையை வச்சுப் பார்த்துட்டு, "இன்னைக்கு முடியாதுங்க. ஊரெல்லாம் புகையா இருக்கு"ன்னா. பொங்கல் நாளும் கங்கை வச்சுப் பார்த்ததோட போச்சு. பிச்சம்மாதான் ஒரு சட்டி பொங்கல் கொண்டாந்து குடுத்தா.

பொங்கல் முடிஞ்சு, சீனியம்மா கிளம்புற நாளும் வந்துருச்சு. வண்டியில மூட்டை முடிச்செல்லாம் ஏத்தியாச்சு. குருவியோட துணி மூட்டையும் ஏறிருச்சு.

அன்னைக்குக் காலையில அரியநாச்சி கங்கு வாங்கிட்டு வந்தா. ஒரு பானை நிறையத் தண்ணி மொண்டு அடுப்புக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டா. கங்கை அடுப்புல வச்சா. மேல வரட்டியைப் பிச்சுப் போட்டா. அதுக்கு மேல பருத்திமாரை ஒடிச்சு வச்சா. குனிஞ்சு ஊதினா. ஃபூ. புகை. ஃபூ. இன்னும் புகை. ஃபூ...

குப்!

அரியநாச்சி எழுந்து ஓடினா! வாசல் வரைக்கும் ஓடினா. நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டா. நெஞ்சு படக்கு படக்கு படக்கு. கம்மாக்கரை அங்க தெரியுது. தண்ணி மினுமினுங்குது. காலு போகலாம் போகலாம்ங்குது.

அவ காலைப் பார்த்துச் சொன்னா: "கொஞ்சம் இரு. வாசல்லயே நிப்போம். நின்னு பார்ப்போம்."

நின்னா. திரும்பி அடுப்பைப் பார்த்தா. தீ அடுப்புக்குள்ளயேதான் இருந்துச்சு. எங்கயும் ஏறல. ஒரு அடி உள்ள வச்சா. நின்னா. இன்னொரு அடி. உட்கார்ந்தா. ஒரு கையை அந்தத் தண்ணிப் பானை மேல வச்சுக்கிட்டு, இன்னொரு கையால கஞ்சிக் கலயத்தைத் தூக்கி அடுப்புல ஏத்தினா.

அப்போ வாசல்ல ஜல்ஜல்ஜல்னு வண்டிச் சத்தம். பொறப்படுறதுக்கு முன்னாடி சொல்லிக்கிட்டுப் போகலாம்னு சீனியம்மா குருவியோட வந்துட்டா. உள்ள வந்தவ அப்படியே நின்னுட்டா. குருவி "அம்மா!"ன்னு ஓடப் பார்த்தா, சீனியம்மா கையைப் பிடிச்சு நிறுத்தினா. "பொறுடி. காய்ச்சி முடிக்கட்டும்."

சீனியம்மா லேசுப்பட்டவளா? குருவியை மடியில வச்சுக்கிட்டுச் சுவரோரமா உட்கார்ந்து, கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டு இருக்கா. வெளிய அவ புருஷன், "ஏய், வெயில் ஏறுது, வர்றியா இல்லையா?"ன்னு கத்துறான். "மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க!"ன்னு இவ உள்ள இருந்து கத்துறா.

கஞ்சி தளபுள தளபுளன்னு கொதிக்க ஆரம்பிச்சுச்சு. அப்போ அடுப்புல ஒரு பருத்திமாரு "சட்"டுன்னு வெடிச்சுச்சு. அரியநாச்சிக்கு உடம்பு தூக்கிப் போட்டுருச்சு! எல்லாரும் மூச்சை நிறுத்திட்டாங்க. வாசல்ல கொம்பையா, வேலியில பிச்சம்மா, எல்லாரும்.

அரியநாச்சி ஒரு சாண் பின்னாடி நகர்ந்தா. அவ்வளவுதான். கண்ணை மூடினா, திறந்தா. மறுபடியும் முன்னாடி நகர்ந்து, அகப்பையை எடுத்துக் கஞ்சியைத் துழாவினா.

சீனியம்மா மெதுவாக் கேட்டா. "பயமா இருக்காடி?"

"இருக்கு மதினி."

"அப்புறம்?"

"அது பாட்டுக்கு அது இருக்கு. என் பாட்டுக்கு நான் கஞ்சி காய்ச்சுறேன்."

சீனியம்மா எழுந்து வெளிய போனா. வண்டியில மேல கிடந்த மூட்டையெல்லாம் தள்ளிட்டு, அடியில கிடந்த குருவியோட துணி மூட்டையைத் தேடி எடுத்துக் கொண்டாந்து வீட்டுக்குள்ள வச்சா. "ஏத்துறப்போ ஒண்ணும் தெரியல, எறக்கத்தான் இடுப்பு வலிக்குது"ன்னு வைஞ்சுக்கிட்டே கண்ணைத் தொடைச்சா.

குருவி ஓடி வந்து அம்மா முதுகுல ஏறிக்கிட்டா. "அம்மா, கஞ்சி அடிப்பிடிச்சிருச்சு!"

"பிடிக்கட்டும் போ!"

அடிப்பிடிச்ச கம்மங்கஞ்சி. ஊர் பூரா வாசம். கொம்பையா ஒரு கலயம் குடிச்சான், ரெண்டு கலயம் குடிச்சான், "இனிமே எவனாவது பயறுன்னு என் முன்னாடி பேசினா மரியாதை கெட்டுரும்"னான். சீனியம்மா புருஷனும் வண்டியை அவுத்துட்டு வந்து உட்கார்ந்து குடிச்சான். பிச்சம்மாவுக்கு ஒரு சட்டி வேலி மேல போச்சு.

"அப்புறம் அவளுக்குப் பயமே போயிருச்சா?"

போச்சுன்னு சொன்னா நீ நம்புவியா? மறுநாளும் அடுப்பு மூட்டினா. அதுக்கு மறுநாளும் மூட்டினா. ஒருநாள் காத்து ரொம்ப அடிச்சுச்சு, அன்னைக்கு மூட்டல. "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்லிட்டு அம்மாவும் மகளும் பிச்சம்மா வீட்டுலயே உட்கார்ந்து சாப்பிட்டாங்க. காத்து நின்னதும் மறுநாள் மூட்டினா. தண்ணிப் பானை அடுப்புக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. இருந்தா என்ன, அடுப்படியில தண்ணி இருக்குறது நல்லதுதான?

"ம்..."

குருவி இப்போ என்ன பண்ணுறா தெரியுமா? வயிறு நிறையக் கஞ்சி குடிச்சிட்டு, அம்மா மடியில தலையை வச்சு, கீச்சுகீச்சுங்குறதை நிறுத்திட்டா.

"..."

சரி, கதையும் கை கழுவிட்டுப் பாயை விரிச்சிருச்சு. கண்ணை மூடிக்கோ ராசாத்தி, மிச்சக் கஞ்சியை நாளைக்குச் சூடு பண்ணிக்கலாம்.